லிங்கை க்ளிக் செய்வது நீங்கள்... எந்த ஆப்பில் திறக்கணும்னு முடிவு செய்வது யார்?

தர்மபுரி மாவட்டம், அரூர் தாண்டி இருக்கும் தீர்த்தமலையில் ஒரு கல்லூரி மாணவி. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்துக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப் அவர் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக குரோம் பிரவுசரை இன்ஸ்டால் செய்கிறார். செட்டிங்ஸுக்குப் போய் அதையே டீஃபால்ட் பிரவுசராகவும் மாற்றுகிறார். ஸ்காலர்ஷிப் தளம், யுனிவர்சிட்டி ரிசல்ட் பக்கம், ஜிமெயில் என எல்லா பாஸ்வேர்டும் இனி குரோமில்.

மறுநாள் டாஸ்க்பாரின் ஓரத்தில் மழை அறிவிப்பு ஒன்று தெரிகிறது. க்ளிக் செய்கிறார். திறப்பது எட்ஜ். ஸ்டார்ட் மெனுவில் எதையோ தேடுகிறார். அதுவும் எட்ஜ். கல்லூரி தளத்தில் இருக்கும் இமெயில் முகவரியைத் தொட்டால், அவர் பயன்படுத்தவே பயன்படுத்தாத அவுட்லுக் வந்து 'அக்கவுன்ட் சேர்க்கவும்' என்கிறது. "நான்தான் குரோம்னு செட் பண்ணிட்டேனே, அப்புறம் ஏன்?"

இந்தக் கேள்விக்கு டெக்னிக்கலான பதில் ஒன்று இருக்கிறது. ஆனால், அது பாதி பதில்தான். இதே லேப்டாப்பை பாரிஸில் ஒருவர் வாங்கி, நாடு 'பிரான்ஸ்' என்று கொடுத்து செட்டப் செய்திருந்தால், அந்த மழை அறிவிப்பு குரோமில் திறந்திருக்கும். மெஷின் ஒன்றுதான், விண்டோஸும் ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு.

முதலில் டெக்னிக்கல் பாதியைப் பார்த்துவிடுவோம்.

முதல் சில எழுத்துகள்தான் விஷயம்

ஒரு லிங்கில் நாம் பார்ப்பது நடுவில் இருக்கும் தளத்தின் பெயரை. கம்ப்யூட்டர் முதலில் பார்ப்பது தொடக்கத்தில், இரட்டைப் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை. 'எச்டிடிபிஎஸ்' என்று இருந்தால் அது வெப் பக்கம். 'மெயில்டு' என்று இருந்தால் இமெயில் எழுத வேண்டும். 'டெல்' என்றால் போன் நம்பர். ஜூம் மீட்டிங்கில் சேரும்போது ஜூமுக்கென்றே ஒரு முன்னொட்டு வரும். வாட்ஸ்அப், டெலிகிராமுக்கும் தனித்தனியாக உண்டு. இதற்கு 'ஸ்கீம்' என்று பெயர்.

ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகும்போதே, "இந்த இந்த ஸ்கீம்களை என்னால் திறக்க முடியும்" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் பெயர் கொடுத்துவிடும். ஒரே ஸ்கீமுக்கு நான்கு பேர் பெயர் கொடுக்கலாம். நான்கு பிரவுசர் வைத்திருந்தால் 'எச்டிடிபிஎஸ்'ஸுக்கு நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் யார் என்று சொல்வதுதான் டீஃபால்ட். ஒரு சின்னப் பட்டியல், அதில் ஸ்கீமுக்கு நேராக ஒரு ஆப்பின் பெயர். அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதில்தான் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் குணம் தெரியும். மேக்கில் 'லாஞ்ச் சர்வீசஸ்' என்ற பகுதி இதைப் பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில் இது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடு மாதிரி ஒன்றில் திறந்து நீங்களே படிக்கலாம், மாற்றலாம். விண்டோஸில் 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பெரிய பதிவேட்டின் ஆழத்தில், 'யூசர் சாய்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. அதாவது, பயனரின் விருப்பம். பெயரே இது உங்களுடையது என்றுதான் சொல்கிறது.

பூட்டு யாருக்காக?

விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏதோ ஒரு சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்தால் கூடவே ஒரு டூல்பாரும் வந்து, தேடுபொறியை மாற்றி, ஹோம்பேஜை மாற்றி, கடைசியில் பிரவுசரையே மாற்றிவிட்டுப் போகும். அந்தப் பட்டியலை எந்த புரோகிராமும் சத்தமில்லாமல் திருத்த முடிந்ததால் வந்த வினை அது.

விண்டோஸ் 8-இல் மைக்ரோசாஃப்ட் இதற்குப் பூட்டு போட்டது. பட்டியலில் ஆப் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு 'ஹேஷ்', அதாவது முத்திரை மாதிரி ஒரு குறியீடும் பதிவாகும். பயனரின் அடையாள எண், ஸ்கீம், ஆப்பின் பெயர், மாற்றிய நேரம், கூடவே மைக்ரோசாஃப்ட் வெளியே சொல்லாத ஒரு நிலையான வாசகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது அது. வேறு யாராவது ஆப் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் முத்திரை பொருந்தாது. விண்டோஸ் அந்த மாற்றத்தை ஏற்காது.

நல்ல விஷயம்தானே? ஆமாம், பாதி. டூல்பார் ஆசாமிகளுக்குப் போட்ட பூட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கும் குரோமுக்கும் சேர்த்தே விழுந்தது. அதற்கு முன்பு "என்னை டீஃபால்ட் ஆக்கட்டுமா?" என்று கேட்டு ஒரே க்ளிக்கில் மாற்றிக்கொண்ட பிரவுசர்கள், இப்போது உங்களை செட்டிங்ஸ் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. சாவி மைக்ரோசாஃப்ட் கையில். அதே மைக்ரோசாஃப்ட்டுக்கு சொந்தமாக ஒரு பிரவுசரும் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியானபோது, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் அப்போதைய தலைவர் கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்ட் சிஇஓ சத்யா நாதெள்ளாவுக்கு வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதினார். பழைய விண்டோஸில் இருந்து அப்கிரேடு செய்யும்போது பயனர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பிரவுசர் தூக்கி எறியப்படுகிறது என்பதுதான் அவர் புகார். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது நிலைமை இன்னும் மோசம். பிரவுசரை மாற்ற 'எச்டிடிபி', 'எச்டிடிபிஎஸ்', 'எச்டிஎம்எல்', 'பிடிஎஃப்' என ஒவ்வொன்றாகத் தேடித் தனித்தனியாக மாற்ற வேண்டும். கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2022 மார்ச்சில் வந்த அப்டேட்டில்தான் 'செட் டீஃபால்ட்' என்ற ஒற்றை பட்டன் கிடைத்தது.

இதற்கு நடுவே மொஸில்லா ஒரு வேலை செய்தது. அந்த முத்திரை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பிரித்துப் பார்த்து, 2021-இல் ஃபயர்ஃபாக்ஸ் 91-இல் ஒரே க்ளிக்கில் டீஃபால்ட் ஆகும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. எட்ஜுக்கு மட்டும் இருந்த வசதி அது. இது ஹேக்கிங்கா, நியாயமா? என் பார்வையில், பூட்டுக்காரரே போட்டியாளராகவும் இருக்கும்போது இந்தக் கேள்வியை மொஸில்லாவிடம் மட்டும் கேட்க முடியாது.

பட்டியலையே தாண்டிப் போகும் லிங்க்

சரி, மாணவி 'செட் டீஃபால்ட்' பட்டனை அழுத்திவிட்டார். பட்டியலில் குரோம் பெயர் இருக்கிறது. முத்திரையும் சரி. அப்புறமும் மழை அறிவிப்பு ஏன் எட்ஜில் திறந்தது?

ஏனென்றால் அந்த லிங்க் 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கவே இல்லை. 'மைக்ரோசாஃப்ட்-எட்ஜ்' என்று தொடங்கியது. அது மைக்ரோசாஃப்ட் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட ஸ்கீம். உள்ளே இருப்பது சாதாரண வெப் முகவரிதான். முன்னால் இந்த முன்னொட்டை ஒட்டிவிட்டால், உங்கள் டீஃபால்ட் பிரவுசர் எது என்ற கேள்வியே எழாது. 'எச்டிடிபிஎஸ்'ஸுக்கு யார் என்று நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இது வேறு ஸ்கீம், இதற்கு எட்ஜ் மட்டும்தான் ஆள். விட்ஜெட், ஸ்டார்ட் மெனு தேடல் எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன.

தீர்த்தமலையின் தல புராணம் ஞாபகம் வருகிறது. பூஜைக்கு கங்கை நீர் கொண்டு வரச் சொல்லி ராமர் அனுமனை அனுப்பினாராம். அவர் வரத் தாமதமானதால் மலை மீதே அம்பு விட்டு நீரை வரவழைத்துக்கொண்டாராம். அதுதான் ராமர் தீர்த்தம். அனுமன் கோபத்தில் வீசிய கலசம் விழுந்த இடம் அனுமன் தீர்த்தம். அங்கே வேலைக்கு ஒருவரைச் சொன்னவரும், பிறகு வழியை மாற்றிக்கொண்டவரும் ராமரேதான். இங்கே குரோம் தாமதமாகவும் வரவில்லை, நீங்கள் மாற்றவும் சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய 'எட்ஜ்டிஃப்ளெக்டர்' என்று ஒரு குட்டி ஆப் இருந்தது. டேனியல் அலெக்ஸாண்டர்சன் என்ற டெவலப்பர் உருவாக்கியது. 'மைக்ரோசாஃப்ட்-எட்ஜ்' என்று வரும் லிங்கைப் பிடித்து, முன்னொட்டைப் பிய்த்துவிட்டு, உங்கள் டீஃபால்ட் பிரவுசருக்கு அனுப்பிவிடும். 2021 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதன் வழியை அடைத்தது. அந்த ஸ்கீமுக்கு வேறு எந்த ஆப்பும் பெயர் கொடுக்க முடியாதபடி ஆனது. 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போய், டீஃபால்ட் பட்டியலைக் காவல் காக்கவே தனி டிரைவர் ஒன்றும் விண்டோஸில் சேர்ந்துவிட்டது.

இதில் மூன்றாவது ஒரு ரகமும் உண்டு. சில ஆப்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்பதே இல்லை. "இந்த லிங்கை நான் இந்த பிரவுசரில்தான் திறப்பேன்" என்று தானே முடிவு செய்துவிடும். 2023-இல் அவுட்லுக், டீம்ஸ் இரண்டும் மைக்ரோசாஃப்ட் 365 கணக்குக்காரர்களுக்கு லிங்குகளை எட்ஜில் திறக்க ஆரம்பித்தது இந்த வகை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பலருக்கு இது அன்றாட எரிச்சல்.

ஒரு க்ளிக் மிச்சம் பிடிக்கப் போய்...

'எதில் திறந்தால் என்ன, பக்கம் வந்தால் போதாதா?' என்று கேட்கலாம். பாஸ்வேர்டு ஒரு பிரவுசரில், லிங்க் இன்னொரு பிரவுசரில் என்றால் மறுபடி லாகின், மறுபடி ஓடிபி. கிராமத்தில் சிக்னல் இல்லாத நேரத்தில் ஓடிபிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். ஆனால், அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு.

2019 ஜூலையில் ஜொனாதன் லைட்ஷு என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஜூமைப் பற்றி ஒரு விஷயத்தை வெளியிட்டார். மேக்கில் சஃபாரி பிரவுசர், ஒரு லிங்க் வேறு ஆப்பைத் திறக்கும் முன் "திறக்கட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்க ஜூம், பயனருக்குத் தெரியாமல் அவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வரை ஓடவிட்டிருந்தது. விளைவு? ஏதோ ஒரு தளத்தைத் திறந்தாலே உங்களை வீடியோவுடன் ஒரு மீட்டிங்கில் சேர்த்துவிட முடியும். ஜூமை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த சர்வர் உள்ளேயே இருந்தது. கடைசியில் ஆப்பிளே சத்தமில்லாமல் ஒரு அப்டேட் அனுப்பி அதை எல்லா மேக்கில் இருந்தும் நீக்கியது.

2022 மே மாதம் இன்னொன்று, பெயர் 'ஃபோலினா'. விண்டோஸில் பழுது கண்டுபிடிக்கும் ஒரு கருவிக்கென்று ஒரு ஸ்கீம் இருந்தது. சாதாரண பயனர் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. வேர்டு ஃபைல் ஒன்றை அனுப்பி, அதன் வழியாக அந்த ஸ்கீமைக் கூப்பிட்டு, உங்கள் கம்ப்யூட்டரில் நினைத்த கட்டளையை ஓடவிட முடிந்தது. ஜூனில்தான் அதற்கு அப்டேட் வந்தது. ஆக, "இந்த ஆப்பைத் திறக்கட்டுமா?" என்று பிரவுசர் கேட்கும் பெட்டி எரிச்சலாக இருக்கலாம். அதை 'எப்போதும் அனுமதி' என்று டிக் அடித்துக் கடப்பதற்கு முன் ஒரு நொடி படிப்பது நல்லது.

ஐரோப்பாவில் மட்டும் எப்படி?

ஐரோப்பாவுக்கு இது பழைய சண்டை. விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒட்டிக் கொடுத்ததற்காக 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டி வந்தது. 2010 முதல் ஐரோப்பியப் பயனர்களுக்கு ஒரு திரை தோன்றும், அதில் இருந்து பிரவுசரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 2011 மே முதல் 2012 ஜூலை வரை வெளியான விண்டோஸ் 7-இன் ஒரு பதிப்பில் அந்தத் திரை காணாமல் போனது. சுமார் 1.5 கோடி பேருக்கு அது தெரியவே இல்லை. மைக்ரோசாஃப்ட் அதைத் தொழில்நுட்பத் தவறு என்றது. 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

இப்போது இருப்பது 'டிஜிட்டல் மார்க்கெட்ஸ் ஆக்ட்'. இதன்படி 2023 செப்டம்பரில் விண்டோஸ் 'கேட்கீப்பர்' பட்டியலில் சேர்ந்தது. 2024 மார்ச்சுக்குள் விதிகளுக்கு இணங்க வேண்டும். விளைவாக, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள 30 நாடுகளில் விண்டோஸ் பயனரின் டீஃபால்ட்டை மதிக்கிறது. எட்ஜை அன்இன்ஸ்டால்கூட செய்யலாம். 2025 ஜூனில் அறிவித்த மாற்றங்களில் விட்ஜெட், லாக் ஸ்கிரீன் லிங்குகளும் டீஃபால்ட் பிரவுசருக்கே போகும் என்றது மைக்ரோசாஃப்ட்.

நம் ஊர் லேப்டாப்புக்கு இந்த மாற்றம் கிடையாது. செட்டப் செய்யும்போது நீங்கள் தேர்ந்தெடுத்த நாடு எது என்பதைப் பார்த்துத்தான் விண்டோஸ் நடந்துகொள்கிறது. முடியாதது அல்ல, எழுதி முடித்த கோடு அங்கேயே இருக்கிறது.

இந்தியாவில்?

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்த பிறகு, 2023 ஜனவரியில், புது ஆண்ட்ராய்டு போனை செட்டப் செய்யும்போது தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை இந்தியர்களுக்கும் வரும் என்று கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் தீர்ப்பாயம் சில உத்தரவுகளை ரத்து செய்தாலும், அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் அது போன் பற்றியது, கூகுள் பற்றியது. டெஸ்க்டாப்புக்கு அப்படி எதுவும் இல்லை.

2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டிஜிட்டல் போட்டி மசோதா வரைவில், பயனர் டீஃபால்ட் செட்டிங்கைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றவும் பெரிய நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வரைவு வரைவாகவே நிற்கிறது.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிக் கணக்கு ஒன்றும் உண்டு. சென்னையில் பிறந்த ஸோஹோ நிறுவனத்தின் 'உலா' பிரவுசர், மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக ரூ.1 கோடி வென்றது. இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் வேண்டும் என்று அரசே பரிசு கொடுக்கிறது. ஆனால் அதை நீங்கள் டீஃபால்ட் ஆக்கினாலும் விட்ஜெட் லிங்க் எட்ஜுக்குத்தான் போகும். ஒரு கோடி கொடுத்த கையோடு அதையும் கேட்டிருக்கலாம்.

போனில் இதே கேள்வி பணத்தோடு வருகிறது. யுபிஐ லிங்கும் ஒரு ஸ்கீம்தான். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எல்லாமே அதற்குப் பெயர் கொடுத்திருக்கும். ஆண்ட்ராய்டில் எது வேண்டும் என்று பட்டியல் வரும். ஐபோனில், ஒரே ஸ்கீமுக்குப் பல ஆப்கள் பெயர் கொடுத்தால் எது திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று ஆப்பிளின் டெவலப்பர் குறிப்பே சொல்கிறது. எந்த ஒரு ஆப்பும் யுபிஐ பரிவர்த்தனையில் 30%-ஐத் தாண்டக் கூடாது என்று என்பிசிஐ 2020-இல் சொன்ன வரம்புக்கான காலக்கெடு 2026 டிசம்பர் 31 வரை தள்ளிப்போடப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

அந்த மாணவியின் லேப்டாப்புக்கே திரும்புவோம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதற்குள் 'டீஃபால்ட் ஆப்ஸ்', அங்கே உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'செட் டீஃபால்ட்'. அதோடு நிறுத்தாமல் கீழே இறங்கி 'பிடிஎஃப்' எதில் திறக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அது இன்னும் எட்ஜிலேயே இருக்கும். இமெயில் முகவரியைத் தொட்டால் ஜிமெயில் திறக்க வேண்டும் என்றால், குரோமில் ஜிமெயிலைத் திறக்கும்போது முகவரிப் பட்டையின் ஓரத்தில் வரும் சின்ன ஐகானை அழுத்தி அனுமதி கொடுங்கள். பிறகு அதே 'டீஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்தில் 'மெயில்டு'வைத் தேடி குரோமுக்கு மாற்றுங்கள். 

டெஸ்க்டாப் அவுட்லுக்கில் 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில் லிங்கை எதில் திறக்க வேண்டும் என்ற தேர்வு இருக்கிறது. டீம்ஸில் 'ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்'. ஆபீஸ் லேப்டாப் என்றால் இதை உங்கள் ஐடி டீம் பூட்டி வைத்திருக்கலாம், அவர்களிடம்தான் கேட்க வேண்டும். விட்ஜெட்டுக்கு நேர்வழி இல்லை. டாஸ்க்பார் செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்துவிடலாம்.

இன்னொரு வழியும் அந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது. அரசு கொடுக்கும் இந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 உடன் 'பாஸ் லினக்ஸும்' இருக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவானது அது. ரீஸ்டார்ட் செய்து அதற்குள் போனால் முத்திரையும் கிடையாது, காவலுக்கு டிரைவரும் கிடையாது. அந்தப் பட்டியல் மாணவியின் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும். அவர் திருத்தலாம். அவர் பெயரில் ஓடும் எந்த புரோகிராமும்கூடத் திருத்தலாம், அதனால் இன்ஸ்டால் செய்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனால் அதில் குரோம் என்று எழுதியிருந்தால், திறப்பது குரோம்தான்.